மலை ஏறும் எம்ஜிபி: சூட்டைக் குறைக்க எதற்கு முதலில் செலவு செய்வது?

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டு மலைப்பாதையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் எம்ஜிபி என்ற என் 1966 பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஓரம் கட்டினேன். டெம்பரேச்சர் முள் மேல் கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. பானட்டைத் தூக்கியதும் முகத்தில் அனல் அடித்தது, கூடவே கூலன்ட்டின் இனிப்பு வாடை. ரேடியேட்டர் மூடிக்குக் கீழே இருக்கும் சின்னக் குழாய் விட்டுவிட்டுத் துப்பிக்கொண்டிருந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸின் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "மூடியத் திறந்துடாதீங்க சார்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். முக்கால் மணி நேரம் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

கீழே வந்த பிறகு கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எலக்ட்ரிக் ஃபேன் போடு, அலுமினிய ரேடியேட்டர் வரவழை, பானட்டில் காற்றுத் திறப்பு வெட்டு, இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட் ஓட்டத்தைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி. எல்லாமே காசு. சிலவற்றைச் செய்துவிட்டால் பழையபடி ஆக்கவும் முடியாது. ஒரு வருஷமாக ஒவ்வொன்றையும் யோசித்து, சிலதைச் செய்து பார்த்து, சிலதை வேண்டாமென்று விட்டேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்களுக்கு, ஏன் ஹெரால்டோ ஃபியட்டோ அம்பாசிடரோ வைத்திருப்பவர்களுக்கும், இது உதவும் என்று நினைக்கிறேன்.

வண்டி எப்போது சூடாகிறது?

எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன் இதைக் கவனித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் ஃபேன் இழுக்கும் காற்று போதவில்லை. ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது ஏறினால் ஃபேனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அந்த வேகத்தில் காற்று தானாகவே உள்ளே வரும். ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது இன்ஜின் பிளாக்குக்குள் வண்டல் இருக்கும், அல்லது இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்தங்கியிருக்கும்.

மலை ஏறும்போதுதான் எல்லாம் சேர்ந்து வருகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எம்ஜிபியின் எடை 900 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு பேரும் பெட்டியும் சேர்த்து 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஆகும் சக்தி 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பழைய பெட்ரோல் இன்ஜினில் சக்கரத்துக்குப் போகிற சக்திக்கு ஏறக்குறையச் சமமான அளவு கூலன்ட்டிலும் போய்ச் சேரும். அதாவது ஒரு பெரிய அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை, ஐந்தரை லிட்டர் அளவே பிடிக்கிற ஒரு கூலிங் சிஸ்டம் முக்கால் மணி நேரத்துக்குள் வெளியே தள்ள வேண்டும். அதுவும் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் போகிற லாரியின் புகையை முகர்ந்துகொண்டு.

உயரம் இன்னொன்றும் செய்கிறது. ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். ரேடியேட்டர் மூடி ஒரு குக்கர் வெயிட் மாதிரி. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்ட் அழுத்தம் தாங்கும் பழைய மூடி இருந்தால் ஏற்காட்டில் கொதிநிலை 107 டிகிரி பக்கம், 13 பவுண்ட் மூடி இருந்தால் 116 பக்கம். மூடியை மாற்றுவது மலிவான வேலை. ஆனால் சூட்டை அது குறைக்காது, பொங்குவதைத்தான் தள்ளிப்போடும். பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும் வைத்துக்கொண்டு 13 பவுண்டுக்குப் போனால் எங்காவது பிளந்துகொள்ளும். ஹோஸ்களை முதலில் மாற்றிவிட்டு, அப்புறம் 10 பவுண்டுக்குப் போங்கள்.

பிளாக்குக்குள் இருந்த செம்மண்

"சேலத்துல எம்ஜிபிக்கு மெக்கானிக் கிடைப்பாங்களா?" என்று பலர் கேட்கிறார்கள். அம்பாசிடர் இன்ஜின் தெரிந்தவர் போதும். நம் பழைய அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1,798 சிசி இன்ஜினும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரீஸ் என்ற ஒரே குடும்பம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்கூட இரண்டிலும் ஒன்றே, 88.9 மில்லிமீட்டர். சிலிண்டரின் அகலம்தான் 73-இலிருந்து 80 மில்லிமீட்டருக்கு மேல் போனது.

நான் போனது டாக்ஸி அம்பாசிடர்களில் முப்பது வருஷம் கை வைத்த ஒரு பெரியவரிடம். ரேடியேட்டர் விலையெல்லாம் விசாரித்து வைத்திருந்த என்னிடம் அவர் சொன்னது: "தம்பி, ரேடியேட்டர்ல காசு போடறதுக்கு முன்னாடி பிளாக்கைப் பாருங்க. அம்பாசிடரா இருந்தாலும் இதுவா இருந்தாலும் வண்டல் உக்கார்ற எடம் ஒண்ணுதான்." பிளாக்கின் பின்பக்கம் கீழே இருக்கும் வடிகால் குழாயைக் கழற்றினார். ஒரு சொட்டும் வரவில்லை. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் பிளாக்கின் அடியிலிருந்து ஒன்றும் வரவில்லை! சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை வளைத்து உள்ளே விட்டுக் குத்தினார். முதலில் மணல் போல நரநரவென்று சத்தம். அப்புறம் செங்காவி நிறத்தில் குழம்பு மாதிரி ஏதோ பிதுங்கி வந்தது. கடைசியாகத்தான் தண்ணீர். நான்காவது சிலிண்டரைச் சுற்றி எத்தனை வருஷத் துருவும் உப்பும் அடைந்து கிடந்ததோ தெரியாது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மேலிருந்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துத் தெளிவாக வரும்வரை விட்டோம். இரண்டு மணி நேரம் ஆனது.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியதன் பலன் இது. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அடுப்படிப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், கூடவே கூலன்ட். பாதிக்குப் பாதி கலக்கும் பழக்கம் பனி உறையும் நாடுகளுக்கானது. ஏற்காட்டிலும் தண்ணீர் உறைவதில்லை. வெறும் தண்ணீர்தான் வெப்பத்தை நன்றாகச் சுமக்கும், கூலன்ட்டில் இருக்கும் கிளைகாலுக்கு அந்த வலு குறைவு. ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் என்பது நமக்குப் பொருத்தமான கலவை.

அன்றைக்கே அவர் டைமிங்கையும் கார்புரேட்டர் மிக்சரையும் சரிபார்த்தார். டைமிங் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. தீ தாமதமாகப் பற்றினால் வெப்பம் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக, புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கும் தண்ணீருக்கும் போகும். இந்த வேலைக்கு ஆன செலவு ஒரு நல்ல ஹோட்டலில் நாலு பேர் சாப்பிடும் காசுதான். இதைச் செய்யாமல் வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

செம்பா, அலுமினியமா?

அடுத்தது ரேடியேட்டர். பழையதை அப்படியே வைத்துக்கொண்டு குழாயும் தகடும் உள்ள நடுப்பகுதியான கோர் மட்டும் புதிதாகச் செம்பில் போடுவது ஒரு வழி. அலுமினிய ரேடியேட்டர் வாங்கிப் பொருத்துவது இன்னொன்று.

உலோகமாகப் பார்த்தால் வெப்பத்தைக் கடத்துவதில் செம்புதான் மேல். ஆனால் பழைய ரேடியேட்டரில் குழாய்கள் பித்தளை, செம்புத் தகடுகளோடு அவற்றை ஈயப் பற்று இணைக்கிறது. அந்தப் பற்று வெப்பத்துக்கு ஒரு தடை. அலுமினியத்தில் குழாய்களை அகலமாகப் போடலாம், தகட்டோடு உருக்கி ஒட்டலாம், எடையும் பாதி. அதனால் ஒரே அளவுள்ள இரண்டில் நன்றாகச் செய்யப்பட்ட அலுமினிய ரேடியேட்டர் கொஞ்சம் கூடவே குளிர்விக்கும். சேர்வராயன் மலையின் பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமாகிக்கொண்டிருந்த ஊர்க்காரனுக்கு அந்த உலோகத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. இருந்தாலும் நான் செம்பைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

காரணம், பழுது பார்ப்பது. செம்பு ரேடியேட்டர் ஒழுகினால் சேலத்தில் எந்த ரேடியேட்டர் கடையிலும் அரை நாளில் பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியத்துக்கு மெல்லிய தகட்டில் டிக் வெல்டிங் சுத்தமாகச் செய்யத் தெரிந்த கை வேண்டும். வண்டியின் எர்த் சரியில்லாமல் கூலன்ட் வழியாக மின்சாரம் கசிந்தாலும், உப்புத் தண்ணீர் யாராவது ஊற்றிவிட்டாலும், அலுமினியம் சீக்கிரம் பொத்துப்போகும். அறுபது வருஷ வயரிங் உள்ள வண்டியில் அது எனக்குப் பயம். வண்டியின் வயரிங் முழுக்கப் புதிது, போட்டிக்கு ஓட்டுகிறீர்கள், எடை முக்கியம் என்றால் அலுமினியம் எடுங்கள், தப்பில்லை.

கோர் போடும்போது கடைக்காரர் "இன்னொரு வரிசை குழாய் சேர்த்துத் தடிமனாப் போட்டுடலாம்" என்பார். கொஞ்சம் யோசியுங்கள். கோர் தடித்தால் காற்று அதைத் துளைத்துப் போவது கடினம். நெடுஞ்சாலை வேகத்தில் பரவாயில்லை. மலையில் 25-இல் ஊரும்போது ஃபேன் பலவீனமாக இருந்தால் தடித்த கோர் பாதி வேலைகூடச் செய்யாது. நான் பழைய தடிமனிலேயே, தகடுகள் நெருக்கமாக உள்ள கோர் போட்டேன்.

ஃபேன்: இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறோம்

எலக்ட்ரிக் ஃபேனுக்கு இருக்கும் பெயர் பெரிது. எம்ஜி கம்பெனியே 1970களின் பிற்பாதியில் ரேடியேட்டரை முன்னால் தள்ளிவைத்து எலக்ட்ரிக் ஃபேனுக்கு மாறிவிட்டது. நகரத்தில் அது அருமையானது, மறுக்கவில்லை. சிக்னலில் இன்ஜின் நிமிஷத்துக்கு 750 சுற்றில் நிற்கும்போது பெல்ட்டில் ஓடும் ஃபேன் ஒப்புக்குத்தான் சுற்றும். எலக்ட்ரிக் ஃபேனோ முழு வேகத்தில் இழுக்கும்.

மலையில் கணக்கு மாறுகிறது. எம்ஜிபியில் இரண்டாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் இன்ஜின் 2,200 சுற்று பக்கம் ஓடும், சிக்னலில் நிற்பதைப்போல மூன்று மடங்கு. பெல்ட் ஃபேனும் அதே விகிதத்தில் வேகமெடுக்கும். வெப்பம் கூடும்போது காற்றும் கூடவே கூடுகிறது. பழைய வடிவமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. மலையில் மூன்றாவது கியரில் இன்ஜினை இழுத்துத் திணறவிடாமல் இரண்டாவதில் தாராளமாகச் சுற்றவிட வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

அப்புறம் மின்சாரம். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் டைனமோதான், லூகாஸ் சி40, உச்சத்தில் 22 ஆம்பியர். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது ஒன்றுமே தராது. ஒரு 12 அங்குல எலக்ட்ரிக் ஃபேன் 8-லிருந்து 10 ஆம்பியர் கேட்கும். ஹெட்லைட்டுக்கு ஏறக்குறைய 8. இக்னிஷன், பெட்ரோல் பம்ப், வைப்பர் தனி. சாயங்காலம் பனிமூட்டத்தில் ஏற்காட்டின் ஒண்டிக்கடையை நெருங்கும்போது இவை எல்லாமே ஓடும். அப்போது ஃபேனைச் சுற்றவைப்பது பேட்டரிதான். போதாததற்கு இந்த வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஃபேன் மோட்டாரின் வயரை மாற்றிக் கொடுத்தால் ஓடிவிடும், ஆனால் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் உள்ள கிட்டுகள் புகைந்துவிடும். ஆல்டர்னேட்டர் போட்டு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாம், உள்ளூர்ச் சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டரையே பிராக்கெட் அடித்துப் பொருத்துகிறார்கள். அப்படி மாற்றினால் இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரின் உள் வயரிங்கையும் மாற்ற வேண்டும். ஆக, எலக்ட்ரிக் ஃபேனின் விலை ஃபேனின் விலையோடு முடிவதில்லை.

எனக்கு வாரநாள் டவுன் ஓட்டம் குறைவு, வண்டி எடுப்பதே மலைக்குத்தான். அதனால் பழைய இரும்பு ஃபேனை எடுத்துவிட்டு, பிந்தைய எம்ஜிபிகளில் வந்த ஏழு இதழ் பிளாஸ்டிக் ஃபேனைப் போட்டேன். கூடவே செய்ததுதான் உண்மையில் வண்டியை மாற்றியது: ஃபேனைச் சுற்றி ஒரு தகட்டு உறை, ஷ்ரவுட் என்பார்கள்.

ரேடியேட்டர் செவ்வகம், ஃபேன் வட்டம். உறை இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரான பகுதியில்தான் காற்றை இழுக்கும், நாலு மூலையும் சும்மா கிடக்கும். அதைவிட மோசம், இதழ்களின் நுனியைச் சுற்றிப் பின்னாலிருக்கும் சூடான காற்றே திரும்ப முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். தகர வேலை செய்யும் ஒருவரிடம் முதலில் அட்டையில் வெட்டிக் காட்டினேன். ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வளைத்துக் கொடுத்தார். இதழ் நுனிக்கும் உறைக்கும் இடையே ஒரு விரல் கனம் இடம் விட்டோம், இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும்போது உரசக்கூடாதே. ரேடியேட்டரின் பக்கவாட்டிலும் மேலேயும் இருந்த சந்துகளை எல்லாம் ரப்பர் பீடிங்கும் ஸ்பாஞ்சும் வைத்து அடைத்தோம். காற்று சோம்பேறி, சுற்றிப் போக ஒரு சந்து இருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையவே நுழையாது.

உறை போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே வெயில், அதே நேரம், மலை ஏறினேன். பதினோராவது வளைவில் முள் நடுவிலிருந்து ஒரு கோடு மேலே நின்றது. இருபதாவது வளைவுவரை அங்கேயே நின்றது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வார்த்தையில்லை.

டவுனில் தினம் ஓட்டுகிறவர், ஆல்டர்னேட்டர் ஏற்கெனவே இருக்கிறவர் எலக்ட்ரிக் ஃபேனுக்குத் தாராளமாகப் போகலாம். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் வகை நல்லது. முன்னால் இருந்து தள்ளும் வகை, ஓடாத நேரத்தில் காற்றை மறைத்துக்கொண்டு நிற்கும். எம்ஜிபியில் ஆயில் கூலரும் முன்னால்தான் இருக்கிறது, அதற்கும் முன்னால் இன்னொரு தடை வேண்டாம். இடம் இல்லாமல் முன்னால்தான் வைக்க முடியும் என்றால் பிராக்கெட்டில் தாங்கவையுங்கள். கோருக்குள் பிளாஸ்டிக் டை செருகிக் கட்டினால் ஒரு வருஷத்தில் குழாயை அறுத்துவிடும்.

உள்ளே வந்த காற்று எங்கே போகும்?

பானட்டில் திறப்பு வெட்டும் ஆசை எனக்கும் இருந்தது. அதற்கு முன் பானட்டின் பின் விளிம்பை வாஷர் வைத்து அரை அங்குலம் தூக்கிவிட்டால் சூடு வெளியே போகும் என்று சொன்னார்கள். செய்து பார்த்தேன். நிற்கும்போது சூடு போனது உண்மை. ஓடும்போது? பானட் முழுக்கத் தறி நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். முன்பாதியில் இருந்த நூல்கள் பின்னோக்கிப் படிந்து கிடந்தன. கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தவை குழம்பி ஆடின, இரண்டு மூன்று பானட் இடுக்குக்குள்ளேயே இழுபட்டன. வேகத்தில் கண்ணாடியின் அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடுகிறது, அதனால் அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளேதான் போகும். எம்ஜிபியின் ஹீட்டருக்குக் காற்று எடுக்கும் ஜன்னலைக் கம்பெனி சரியாக அந்த இடத்தில், கண்ணாடிக்கு முன்னால் வைத்ததும் அதற்காகத்தான். உள்ளே போன காற்று, ரேடியேட்டர் வழியாக வருவதைத் தடுக்கும். வாஷரை அன்றைக்கே கழற்றினேன்.

வெட்டத்தான் வேண்டும் என்றால், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் முன் மூன்றில் ஒரு பாகத்தில் வெட்டுங்கள். அழுத்தம் குறைவாக இருப்பது அங்கேதான். என் வண்டியின் பானட் தொழிற்சாலையில் செய்த அலுமினிய பானட், 1970-க்குப் பிறகு வந்தவை இரும்பு. அதில் ஒரு வெட்டுக்கூட விழ விடமாட்டேன். காற்று கீழ் வழியாக, கியர்பாக்ஸ் பக்கம் தாராளமாகப் போகட்டும் என்று அடியில் அப்பிக் கிடந்த எண்ணெய்ச் சேற்றையும் தேவையில்லாத தகடுகளையும் மட்டும் எடுத்தேன்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கழற்றி எறியாதீர்கள். அது 82 டிகிரியில் திறந்த பிறகு மலையில் அது இருப்பதும் இல்லாததும் சூட்டுக்கு ஒன்றுதான். கழற்றினால் மார்கழிக் காலையில் இன்ஜின் சூடேறாமலே ஓடித் தேயும். வெயில் நாட்டுக்கு 74 டிகிரியில் திறப்பது கிடைக்கும், அதைப் போடலாம், அவ்வளவுதான்.

மேலே போய் நின்ற பிறகு

இத்தனையும் செய்து முடித்து, முள் நடுவில் நிற்க ஏற்காடு போய்ச் சேர்ந்து, ஏரிக்கரையில் வண்டியை அணைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. இதையும் ஓவர்ஹீட் என்று நினைத்துப் பலர் மறுபடி ரேடியேட்டருக்குச் செலவு செய்கிறார்கள். இது வேறு. பி-சீரீஸில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. ஓடும்வரை உள்ளே வரும் காற்றும் புதுப் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். அணைத்ததும் மேனிஃபோல்டின் சூடு முழுக்க மேலே ஏறி, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது தனியாகவே 78 டிகிரியில் கொதிப்பது. எம்ஜிபியின் பெட்ரோல் பம்ப் பின்பக்கம் இருப்பதால் குழாய்க்குள் ஆவி அடைப்பது குறைவு, பிரச்சினை பெரும்பாலும் கிண்ணத்தில்தான்.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே கம்பெனி ஒரு தகடு கொடுத்திருக்கிறது. பழைய வண்டிகளில் அதன் மேல் ஒட்டியிருந்த காப்புப் பொருள் உதிர்ந்து வெறும் தகடு மட்டும் இருக்கும். அதில் புதிதாக வெப்பக் காப்புத் துணி ஒட்டி, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் பேக்கலைட் தடுப்பும் இரண்டு பக்கக் கேஸ்கெட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இதிலேயே முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதிக்கு, வண்டியை நிறுத்தும் முன் ஒரு நிமிஷம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, அணைத்ததும் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தேநீருக்குப் போகிறேன். திரும்பி வரும்போது வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அம்பாசிடர் இன்ஜின் மாதிரியே இருக்கே" என்று அவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார்.